கௌரவ டாக்டர் பட்டம் தருகிறோம் என்று போன் வந்தால் உடனே வையுங்கள்: 47,500 ரூபாய் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு நேற்று மதியம் அவர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. "நன்கொடை திருப்பித் தரப்படாது. நன்றி." அவ்வளவுதான். 47,500 ரூபாய்க்கு நான்கு சொல். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஓணத்துக்குக் கொடுக்க வேண்டிய செட்டு முண்டு பிளவுஸ் முப்பதுக்கு மேல் வெட்டாமல் கிடக்கிறது. கிடக்கட்டும். நடந்ததையும், இந்த மாதிரி ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் முழுதாக எழுதுகிறேன், தயவுசெய்து படியுங்கள். தனியாகத் தொழில் செய்கிற பெண்கள் கட்டாயம் படியுங்கள்.

நான் செங்கோட்டையில் தையல் வகுப்பு நடத்துகிறேன். 26 வருடம் ஆகிறது. புளியரை, பண்பொழி, அச்சன்புதூர் பிள்ளைகள் வருவார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிற ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலையிலிருந்தும் வருவார்கள். இங்கத்துப் பிள்ளைகளுக்கு நான் அக்கா, அங்கத்துப் பிள்ளைகளுக்கு சேச்சி. வகுப்பு நோட்டில் இதுவரை 640 பெயர் இருக்கிறது. அதில் பாதிப் பேராவது சொந்தமாக மிஷின் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. இதை வைத்துத்தான் என்னைப் பிடித்தார்கள் என்பதால் சொல்கிறேன்.

சாரல் ஆரம்பித்த சமயம். ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. பேசிய ஆள் தன்னைத் 'தேர்வுக் குழு ஒருங்கிணைப்பாளர்' என்று சொன்னான். நல்ல தமிழ், நடுநடுவே கொஞ்சம் மலையாளம் எட்டிப் பார்க்கும். நம்ம பக்கத்து ஆள் என்று காதுக்கு உடனே தோன்றிவிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, அடித்தட்டில் சாதனை செய்தவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கும் அமைப்பாம். அமைப்பின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள், நீங்களும் 'இது அது இல்லை' என்று நம்பிவிடுவீர்கள்.

யார் ஐஸ் வைத்தாலும் எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் தினமும் வைக்கிறார்கள். "அக்கா, உங்க கை பட்டாலே தனி அழகுதான்" என்பாள், அடுத்த மூச்சில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்வாள். அது பழகிவிட்டது. இந்த ஆள் அப்படிப் புகழவில்லை. இவன் சொன்னது எல்லாமே உண்மை. நான் பேஸ்புக்கில் எப்போதோ போட்ட படங்களை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறான். கொரோனா சமயத்தில் நாங்கள் மாஸ்க் தைத்துக் கொடுத்தது, வாய் பேச முடியாத பிள்ளை ஒன்றுக்குக் காகிதத்தில் படம் போட்டே பிரின்சஸ் கட் சொல்லிக் கொடுத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். "இவ்வளவு செஞ்சிருக்கீங்களே அம்மா, ஒருத்தர்கூட உங்களை மேடையில ஏத்தினதில்லையா?" என்று கேட்டான்.

இல்லை. ஒருத்தர்கூட ஏற்றவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குத் தொண்டை அடைத்தது.

அதற்கப்புறம் அவன் பட்டத்தைப் பற்றியே பேசவில்லை. "உங்க அப்பா என்ன செஞ்சாங்க?" என்று கேட்டான். நான் உட்கார்ந்து சொன்னேன். அப்பாவும் தையல்காரர். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் செங்கோட்டை இருந்தபோது பிறந்தவர். 1956 நவம்பரில் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. ஆனாலும் பிழைப்பு மலைக்கு அந்தப் பக்கம்தான். புனலூரில் காகித ஆலைத் தொழிலாளிகளுக்குக் காக்கிச் சட்டை தைத்தார். பழைய மீட்டர்கேஜ் ரயிலில் போய் வருவார். லீவு நாளில் என்னையும் கூட்டிப் போவார். கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தில் ரயில் ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அந்த விரல் நுனி இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. இதை என் வீட்டுக்காரரிடம்கூட இத்தனை விவரமாகச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது. மேடையில் வாசிக்கப் போகும் பாராட்டுரையாம். 'மலையின் இரு பக்கத்துப் பெண்களையும் ஒரே நூலில் கோத்தவர்' என்று ஆரம்பித்து, நடுவில் அப்பா பெயர், புனலூர், ரயில், பாலம், காய்த்துப்போன விரல் எல்லாம் இருந்தது. நான் அழுதுவிட்டேன். நம்பியது அந்த நிமிஷம்தான். நான் சொன்னதை எனக்கே திருப்பிக் கொடுத்தான், நான் அதை விருது என்று வாங்கிக்கொண்டேன்.

பணம் ஒரே தடவையில் போகவில்லை. முதலில் பதிவுக் கட்டணம் 2,500. வீட்டுக்காரரிடம் இதை மட்டும் சொன்னேன். அவர் வைக்கோல் லாரி ஓட்டுகிறார், புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கொல்லம் வரைக்கும் போய் வருகிறவர். "மரியாதை செய்றவன் காசு கேப்பானா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் உயர்வது இவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு போன பணம் எதையும் அவரிடம் சொல்லவில்லை. பட்டமளிப்புக் கட்டணம் 25,000. கவுன், தொப்பி, பதக்கம், பிரேம் போட்ட சான்றிதழுக்கு 8,000. விழா மலரில் ஒரு பக்கத்துக்கு 7,000. என்னோடு இரண்டு பேர் வர சாப்பாட்டு டிக்கெட் 3,000. வீடியோ 2,000. மொத்தம் 47,500. பவர் மிஷின் வாங்க எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணம் அது.

ஒவ்வொரு தடவையும் பணம் கேட்பதற்கு முன்னால் ஒரு புகழ்ச்சி வரும். "நடுவர்கள் உங்க பெயரைப் பார்த்ததும் மறுபேச்சு பேசல அம்மா", "உங்களுக்கு முன்வரிசை இருக்கை போடச் சொல்லியாச்சு". பின்னாடியே பணம் போட வேண்டிய நம்பர் வரும். நம்பர் ஒவ்வொரு தடவையும் வேறு. அமைப்பின் பெயரில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தனி ஆள் பெயர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விழா திருவனந்தபுரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில். விடியற்காலையில் கிளம்பி, தென்மலை, குளத்துப்புழா, பாலோடு, நெடுமங்காடு என்று சுற்றிப் போய்ச் சேர்ந்தோம். என் மகளும் பேத்தியும் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருவதாகச் சொன்ன துணைவேந்தர் வரவில்லை, விமானம் தாமதமாம். கையில் டோக்கன் கொடுத்தார்கள். எனக்கு 61. மொத்தம் 83 பேர். அழகு நிலையம் வைத்திருப்பவர், யோகா சொல்லித் தருபவர், சமையல்காரர், ஜோசியர், ஒரு பத்து வயசுப் பையன்கூட. இரண்டு மணி நேரத்தில் 83 டாக்டர்கள்.

இப்போது கவுனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னை இன்றுவரை தூங்க விடாதது அதுதான். மேடைக்குப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் மெரூன் கலர் சாட்டின் கவுன் ஒன்றை மாட்டிவிட்டார்கள். தோளில் விழுந்ததுமே கழுத்துப் பக்கம் ஈரம். எனக்கு முன்னால் போட்டவருடைய வியர்வை. ஓரத்தைத் தடவினேன். ஓவர்லாக் கிடையாது, மடித்து அடிக்கவும் இல்லை, வெட்டிய துணி அப்படியே நூல் நூலாகப் பிரிந்து தொங்குகிறது. மஞ்சள் பட்டியை ஒரு பக்கம்தான் தைத்திருந்தார்கள், மறுபக்கம் பசை. காலரில் கொக்கிக்குப் பதில் ஊக்கு. நான் தைத்தால் துணியோடு சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. இதைத் தைத்துக்கொண்டு வந்தால் முதல் மாதத்துப் பிள்ளையைக்கூட நான் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பேன். 26 வருஷம் துணியைத் தொட்டே தரம் சொன்ன கை இது. அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் உள்ளே மைக்கில் அப்பா பெயரை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் கையை எடுத்துவிட்டு மேடை ஏறினேன்.

இறங்கியதும் கவுனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். "இது எனக்குத்தானே, காசு கட்டியிருக்கேனே" என்றேன். "64-க்குப் போடணும் மேடம், சீக்கிரம்" என்றாள் அந்தப் பெண். அதுவரை அம்மா. அங்கிருந்து மேடம்.

சான்றிதழில் என் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை. ஊர் 'செங்கோட்டை, கேரளா' என்று இருந்தது. அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. திருத்தித் தரச் சொன்னதற்கு 1,500 கேட்டார்கள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, கட்டவில்லை, அவ்வளவுதான். ஊருக்கு வந்து கடை போர்டில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று எழுத வைத்தேன். ஒரு மாதம் எல்லோரும் வாழ்த்தினார்கள். பிளெக்ஸ்கூட வைத்தார்கள்.

என்னிடம் தையல் படித்துக்கொண்டே கல்லூரிக்குப் போன பிள்ளை ஒருத்தி இப்போது திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆடி கடைசியில் ஊருக்கு வந்தவள் போர்டைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெதுவாக, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, சர்டிபிகேட்டைக் காட்டுங்க" என்றாள். அவள் சொன்னதுதான் கீழே இருப்பது.

நம் நாட்டில் பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று 1956-ஆம் வருஷத்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22-ஆம் பிரிவில் இருக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உண்டான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அல்லது நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். வேறு யாரும் கொடுக்க முடியாது. டிரஸ்ட் கொடுக்க முடியாது, கவுன்சில் கொடுக்க முடியாது. எனக்குக் காட்டிய சான்றிதழின் அடியில் ஐ.எஸ்.ஓ. முத்திரை, உத்யம் பதிவு எண் எல்லாம் இருந்தது. எவ்வளவு பெரிய அமைப்பு என்று நினைத்தேன். உத்யம் என்பது சிறு தொழில் பதிவு, நாமே ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்வது. என் தையல் கடைக்கும் அது இருக்கிறது! அதே மாதிரி ஓர் எண்ணைப் பார்த்து நான் எப்படி மயங்கினேன் என்று எனக்கே புரியவில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஒரு நிறுவனம் வேலையை எந்த முறையில் நடத்துகிறது என்பதற்கான தரச்சான்று. அதற்கும் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

போர்டைப் பற்றியும் சொன்னாள். பத்ம விருது வாங்கியவர்களே அதைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லியிருக்கிறதாம். 2023 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்திப் போலி டாக்டர் பட்டம் கொடுத்ததும், சினிமாப் பிரபலங்களும் அதில் இருந்ததும், பிறகு பல்கலைக்கழகமே போலீசுக்குப் போனதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்கும் என்னை ஏமாற்றியவர்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியை முன்னாடியே படித்திருந்தால் 47,500 ரூபாய் என் பெட்டியில் இருந்திருக்கும்.

அன்றைக்கே போன் போட்டேன். "சார் மீட்டிங்ல இருக்கார்." மறுநாள் "சார் டெல்லி போயிருக்கார்." நாலாவது நாள் அந்த ஒருங்கிணைப்பாளனே பேசினான். சத்தம் போடவே இல்லை, அதே தேன் குரல். "அம்மா, உங்க தகுதிக்குக் கிடைச்ச கௌரவத்தை நீங்களே குறைச்சுப் பேசலாமா?" என்றான். பட்டம் செல்லாது என்றேன். "இது படிப்புப் பட்டம்னு நாங்க சொல்லவே இல்லையே, கௌரவம்தானே" என்றான். ரசீதை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கட்டணம் என்ற சொல்லே இல்லை, 'நன்கொடை' என்று இருக்கிறது. இரண்டு நாள் கழித்து வேறு ஒருத்தி பேசினாள். உங்களைப் போல ஐந்து சாதனையாளர்களைச் சேர்த்துவிடுங்கள், தலைக்கு 5,000 உங்களுக்கு வரும், போட்ட பணத்தில் பாதி திரும்பிவிடும் என்றாள்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. என் நம்பரை அவர்களுக்குக் கொடுத்தது புனலூரில் அழகு நிலையம் வைத்திருக்கும் ஒரு சேச்சி, பத்து வருஷப் பழக்கம். போன வருஷம் அவருக்கும் இதே பட்டம். கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் போகவில்லை. ஆனால் அவருக்கும் 40,000-க்கு மேல் போயிருக்கிறது.

போலீஸ் கதை தனி. இங்கே ஸ்டேஷனில், "விழா திருவனந்தபுரத்துலதானே நடந்தது, அங்க போங்க" என்றார்கள். அங்கே போன் செய்தால், "பைசா அயச்சது எவிடுந்நா?" என்று கேட்டு, பணம் அனுப்பிய ஊரிலேயே புகார் கொடுக்கச் சொன்னார்கள். எல்லையில் குடியிருக்கிற நமக்கு இது புதுசில்லை, ஆனால் இப்படி அலையத் தேவையில்லை. பிஎன்எஸ்எஸ் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் நாம் போகிற ஸ்டேஷனிலேயே புகாரைப் பதிய வேண்டும். ஒரு வக்கீல் தம்பி எழுதிக் கொடுத்த பிறகு மனுவை வாங்கி, வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "நீங்களா விரும்பிக் கொடுத்த பணம்தானே" என்று ஒருவர் சொன்னார். ஆமாம், விரும்பித்தான் கொடுத்தேன். விரும்ப வைத்ததுதான் மோசடி. ஆன்லைன் பண மோசடிக்குப் புகார் சொல்லும் எண் 1930-க்கும் போன் செய்தேன். பணம் போன உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும், இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்றார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன். நேரமில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையான பல்கலைக்கழகம் கௌரவப் பட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கேட்காது, விண்ணப்பிக்கச் சொல்லாது. யுஜிசி இணையதளத்தில் அங்கீகாரம் உள்ளவற்றின் பட்டியலும் இருக்கிறது, போலிகளின் பட்டியலும் இருக்கிறது, பாருங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் அன்றைக்கே 1930. வீட்டில் ஒருத்தரிடமாவது முழுத் தொகையையும் சொல்லுங்கள். நான் போன வாரம்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் காலையில் ஏணி போட்டு ஏறி போர்டில் அந்த நான்கு எழுத்தை அவரே பெயிண்ட் வைத்து அடித்துவிட்டு லாரி எடுக்கப் போனார்.

இதை அவசரமாக எழுதக் காரணம் நேற்று வந்த பதில் மட்டுமில்லை. நேற்று ராத்திரி தென்மலைப் பிள்ளை ஒருத்தி ஒரு போஸ்டர் அனுப்பினாள். அதே ஆட்கள், அடுத்த விழாவாம். "சேச்சி, நீங்க இருக்கறதுனால நானும் 2,500 கட்டட்டுமா?" என்று கேட்டிருந்தாள். கட்டாதே என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் போஸ்டர் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறதோ. அதில் மேல் வரிசையில், இடது பக்கத்திலிருந்து மூன்றாவதாக, மெரூன் கவுன் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது நான்தான். படத்தை எடுக்கச் சொல்லி நான்கு தடவை எழுதிவிட்டேன், எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து யாரும் பணம் கட்டாதீர்கள்.